சனியைக் கும்பிட்டோம், பார்க்கவில்லை

2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். அதெல்லாம் இல்லை, 2026 மார்ச் 6 அன்றுதான் பெயர்கிறார் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயிலே வாக்கியத்தின் பக்கம் நின்று அறிவிப்புக் கொடுத்தது. இடைப்பட்ட ஓராண்டும் சங்கரன்கோவில் டீக்கடைகளில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மீன ராசிக்காரருக்கு ஜென்மச் சனி பிடித்துவிட்டதா, இன்னும் ஒரு வருஷம் தவணை இருக்கிறதா? எதற்கு வம்பு என்று இரண்டு தேதிக்கும் எள் தீபம் ஏற்றியவர்களும் எங்களில் உண்டு.

இவ்வளவு பேசிய நாங்கள், பேச்சில் அடிபட்டவர் எங்கே நிற்கிறார் என்று மாடியேறிப் பார்க்கவில்லை. 2025 செப்டம்பர் 21 அன்று சனி சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்தது. பொழுது அடையும்போது கிழக்கே உதித்து, விடிய விடிய வானத்தில் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மொட்டைமாடியில் கிழக்கு பார்த்து நின்றால் போதும். அந்தப் பக்கத்தில் அதைவிடப் பளிச்சென்று வேறு மீன் இல்லை. சிமிட்டாமல், லேசான மஞ்சளில், நிதானமாக நிற்கும். அதே ஆண்டு மார்ச் 23 அன்று அதன் வளையங்கள் பூமியிலிருந்து பார்க்கும்போது விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பியிருந்தன. பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வாக்கில் நடப்பது அது. மார்ச்சில் சனி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, அதற்கு எங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செப்டம்பரிலிருந்து தை மாதம் வரை, ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தாலே, கோடு போல மெலிந்து கிடந்த அந்த வளையத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்காதது எங்கள் குற்றம்தான்.

வானத்தோடு சம்பந்தமே இல்லாத ஊர் என்றால் இதை எழுத வேண்டியதில்லை. இந்த ஊரின் கதையே ஒரு பௌர்ணமியில் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடி அம்பாளிடம் வந்தார்கள். அம்பாள் தபசிருந்தாள். ஆடி மாதம், உத்திராட நட்சத்திரம் கூடிய பௌர்ணமியில் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் தென்மாவட்டமே இங்கே திரண்டுவிடுகிறது. பருத்தியும் வத்தலும் தானியமும் சூறை விடுகிறார்கள். அந்த அம்பாளான கோமதி அம்மனைப் பார்க்கத் தவமிருந்து, தெருவில் படுத்து, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த நேரத்தில் சந்திரன் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கிறது. மேகம் இல்லாவிட்டால் அதற்குச் சற்று மேலே தனுசு ராசியின் மீன்கள் தெரியும். உத்திராடம் என்று சொல்லப்படும் மீனும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அதன் வெளிச்சம் இருநூறு வருஷத்துக்கும் மேல் பயணம் செய்து வந்தது. தோளில் இருக்கும் பிள்ளைதான் கேட்கும்: "ஆச்சி, உத்திராடம் எதுன்னு காட்டு." ஆச்சிக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. "சப்பரத்தப் பாருல, வானத்துல என்ன இருக்கு" என்று பிள்ளையின் முகத்தைத் திருப்பிவிடுவோம். ஒரு நட்சத்திரத்தின் பெயரால் திருவிழா கொண்டாடும் ஊரில் அந்த நட்சத்திரத்தை அடையாளம் காட்ட ஆள் இல்லாமல் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம்.

ராகு கேது விஷயத்திலும் இதே கதை. நாக தோஷம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாகசுனையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, புற்றுமண் பூசி, பாம்பு உரு பதித்த தகடு வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். அவர்களுக்கு வழி சொல்பவர்கள் நாங்கள். அறை கொடுப்பவர்கள், தகடு விற்பவர்கள், சாப்பாடு போடுபவர்கள் நாங்கள். ஆனால் ராகுவும் கேதுவும் வானத்தில் எவை என்று கேட்டால் விழிப்போம். பூமியைச் சுற்றும் சந்திரனின் பாதை, சூரியன் போவதாகத் தெரியும் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று ராகு, மற்றது கேது. அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் கணக்கு. அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வாய்த்தால் கிரகணம். புள்ளிகள் ராசிகளை எதிர்த்திசையில் சுற்றிவரப் பதினெட்டு வருஷம் ஏழு மாதம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு பெயர்ச்சி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கிரகணங்களை மட்டும் வைத்துக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பாம்பின் தலையும் வாலும் கொடுத்தவர்களின் புத்தியை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தியைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பயத்தை மட்டும் கொடுத்தோம்.

இனி கோயில் வெளிச்சம். மார்ச் 21, 22, 23 தேதிகளிலும் செப்டம்பர் 21, 22, 23 தேதிகளிலும் காலை வெயில் உள்ளே போய்ச் சங்கரலிங்க சுவாமியின் மேல் விழும். வருஷந்தோறும் பத்திரிகையில் படம் வரும். நாங்களும் செல்போனைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். இது ஏன் இந்தத் தேதியில் நடக்கிறது என்று கேட்டால் "அந்தக் காலத்து ஆளுக கில்லாடி" என்று ஒரே பதில். அந்தக் காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு சுண்டுவிரலைக்கூட அசைத்ததில்லை.

சொல்லப்போனால் விஷயம் ரொம்பச் சுவாரசியமானது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சூரியன் உலகத்தில் எந்த ஊரிலும் நேர் கிழக்கே உதிக்கும். மார்ச் மாதத்தில் அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் உதிக்கும் இடம் வடக்கே நகர்கிறது; ஒரு நாளைக்கு நகரும் தூரம், சூரியத் தட்டின் அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அதனால்தான் நேரான வாசல் வழியாக உள்ளே எட்டும் வெளிச்சம் மூன்று நாளைக்குமேல் நிற்பதில்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் செங்குத்தாக ஏறாது, ஏற ஏறக் கொஞ்சம் தெற்கே சாய்ந்துகொண்டு போகும். நேர் கிழக்கில் உதித்த சூரியன் எதிர் வீட்டுக் கூரைக்கு மேலே தலைகாட்டும்போது நேர் கிழக்கில் இருக்காது. ஆகவே வெளிச்சம் கருவறையை எட்டும் நாளும் நிமிஷமும், வாசலின் உயரம், தரையின் உயரம், கட்டிடத்தின் திசை மூன்றையும் பொறுத்தவை. மார்ச்சில் எந்த நாள் வெளிச்சம் உச்சமாக விழுகிறது, செப்டம்பரில் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பத்து வருஷம் ஒரு நோட்டில் குறித்திருந்தால், கட்டியவர்கள் திசையை எவ்வளவு துல்லியமாக வைத்தார்கள் என்று எங்கள் பள்ளிப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார்கள். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. கோயில் பெருமை பேச எங்களுக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உண்டு. அந்த நோட்டுக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

சித்திரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் வருஷத்தில் இரண்டு நாள் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் வரும். நட்டுவைத்த கம்புக்கு அப்போது நிழல் இருக்காது, காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். மற்ற ஊர்களுக்கு அது ஏதோ ஒரு தேதி. சங்கரன்கோவிலுக்கு ஏப்ரல் 13, 14, அதாவது புத்தாண்டுக்கு முதல் நாளோ புத்தாண்டன்றோ. நேரம் பகல் பன்னிரண்டு இருபதை ஒட்டி. கடிகாரத்தில் பன்னிரண்டு ஆன பிறகும் எங்கள் ஊருக்கு உச்சி வர இருபது நிமிஷம் ஆகும். இந்திய நேரம் கணக்கிடும் தீர்க்கரேகை எங்களுக்கு ஐந்து பாகை கிழக்கே போகிறது. இரண்டாவது நாள் ஆகஸ்ட் 29. எந்த ஊருக்கு என்றைக்கு நிழல் மறையும் என்று சொல்ல இந்திய வானியல் சங்கம் ஒரு செயலியே வெளியிட்டிருக்கிறது. எங்கள் போனில் எல்லா விளையாட்டும் இருக்கிறது, அது இல்லை. கனி கண்டு, கோயிலுக்குப் போய், பஞ்சாங்கம் படிக்கக் கேட்டு, பாயசம் குடித்துவிட்டு, சரியாக அந்த நேரத்துக்கு மின்விசிறிக்கு அடியில் படுத்திருப்போம். வெளியே தெருவில் விளக்குக் கம்பத்துக்கு நிழல் இல்லை.

இந்தப் பொருத்தம் எப்போதும் இருந்ததல்ல, எப்போதும் இருக்கப் போவதுமில்லை. மேஷத்தில் சூரியன் நுழையும் நாளும், பகலிரவு சமமாகும் நாளும் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்பு ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்ல வட்டமடிப்பதால் எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகி, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. இன்னும் சில தலைமுறை கழித்துச் சித்திரை ஒன்றன்று சங்கரன்கோவிலில் கம்புக்கு வடக்கே இருந்த நிழல் தெற்கே திரும்பிவிட்டிருக்கும். புத்தாண்டும் நிழலற்ற பொழுதும் சேர்ந்து வாய்த்திருக்கும் காலத்தில் பிறந்திருக்கிறோம், அதைக் கொண்டாடத் தெரியவில்லை. பிளெக்ஸ் பேனரில் "தமிழ்ப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்" என்று போடத் தெரிகிறது.

கல்யாண மண்டபத்தில் அருந்ததி காட்டும் கூத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு, கூரைக்கு அடியில், மாப்பிள்ளை விரலை நீட்ட, பெண் பார்க்க, இருவர் கண்ணிலும் படுவது விசிறி. சித்திரை வைகாசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலமும், வசிஷ்டருக்குப் பக்கத்தில் பொட்டாக அருந்ததியும் தெரியும். ஐம்பதாம் கல்யாண நாள் கொண்டாடிய தம்பதியர் எங்களிடையே உண்டு. அவர்களில் எத்தனை பேர் அருந்ததியை உண்மையில் பார்த்திருப்பார்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

கிரகணங்களுக்கு வருவோம். அங்கேதான் எங்கள் கணக்கு ரொம்ப மோசம்.

2010 ஜனவரி 15. மாட்டுப் பொங்கல், தை அமாவாசை. அன்று நடந்த வளையச் சூரிய கிரகணம் இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீளமானது. நடுக்கடலில் பதினோரு நிமிஷத்துக்கு மேல் வளையம் நின்றது. 3043 வரை அதை மிஞ்ச வேறொன்று கிடையாது. அந்த வளையம் நெல்லைச் சீமை, கன்னியாகுமரி, தனுஷ்கோடி வழியே போய் யாழ்ப்பாணத்தைக் கடந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கருவிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் ஆட்கள் வந்தார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் ஊர் ஊராகக் கண்ணாடி விற்றார்கள், பள்ளிகளில் பேசினார்கள். நாங்கள் பொங்கல் கரும்பைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினோம். மதியம் ஒரு மணிக்கு வெயில் மங்கி, அந்தி மாதிரியும் இல்லாமல் மேகம் மாதிரியும் இல்லாமல் வந்த அந்தக் கஞ்சி நிற வெளிச்சம் தெருவில் யாருமில்லாமல் கிடந்தது. சமைத்ததைக் கொட்டினோம். கர்ப்பிணிகளை உள்ளறையில் வைத்துப் பூட்டாத குறை. டிவியில் பார்த்தோம், அதே நேரத்தில் அதே கிரகணத்தை.

2019 டிசம்பர் 26 காலை எட்டு மணி வாக்கில் இன்னொன்று தொடங்கியது. கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளையம். எங்களுக்கு வளையத்துக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல ஆழமான பிறை. வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியே விழும் ஒவ்வொரு வெயில் புள்ளியும் அன்று பிறையாக மாறியிருக்கும். தரை முழுக்கப் பிறைகள். கண்ணாடி வேண்டாம், காசு வேண்டாம், கண்ணுக்கு ஆபத்தில்லை, குனிந்து தரையைப் பார்த்தால் போதும். அன்று நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு உலக்கையை நிறுத்தினோம். நிற்கிறது, நிற்கிறது என்று கூவினோம். உலக்கைக்கு அடியில் பூண் இருக்கிறது. தரை மட்டமாக இருந்து பொறுமையும் இருந்தால் எந்தச் செவ்வாய்க்கிழமையிலும் நிற்கும். உலக்கையோடு செல்பி எடுத்தவர்களின் காலடியிலேயே பிறைகள் விழுந்து கிடந்திருக்கும்.

இதில் உலக்கை நிறுத்தியவர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. எங்களில் படித்தவர்கள், ஆசிரியர்கள், முற்போக்குப் பேசியவர்கள், என்னைப் போலப் பத்திரிகைக்கு எழுதுபவர்கள் என்ன செய்தோம்? உலக்கையைப் பார்த்துச் சிரித்தோம். மூடநம்பிக்கை என்று முகநூலில் பதிவு போட்டு லைக் வாங்கினோம். கிரகணத்தன்று சாப்பிட்டுக் காட்டினோம். சாப்பிட்டோமே ஒழிய, வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அட்டையில் குண்டூசி ஓட்டை போட்டுச் சுவரில் பிறையைக் காட்டியிருந்தால் அந்த வீட்டுக் கதவு அடுத்த கிரகணத்துக்குத் தானாகத் திறந்திருக்கும். பயந்தவர்களாவது வானத்தில் ஏதோ நடக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் அதைக்கூட ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது வாதத்தில் ஜெயிப்பதற்கு ஒரு சாக்கு.

பள்ளிகளும் சேர்த்திதான். எங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளியின் ஆய்வகப் பீரோவில் தொலைநோக்கி ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். ராத்திரி வகுப்புக்குப் பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, கூடவே தாங்களும் வருகிறோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஜவுளி எடுக்க நெல்லைக்குப் போகிறோம், அல்வா வாங்கப் போகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டிய இடம். சனிக்கிழமை என்றால் நாங்கள் போவது பெருமாள் கோயிலுக்கும் நவக்கிரகத்துக்கும்.

காவலூர் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டன. அதைப் பதிவு செய்த உலக ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. அதற்கும் முன்னால், கொடைக்கானலில் 1909இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். இன்றுவரை அதற்கு அவர் பெயர்தான். அதற்கும் முன்னால், சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த ஆய்வகம். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி கூடிக் குறையும் மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1871 டிசம்பர் 12 முழுச் சூரிய கிரகணத்தை அவிநாசியில் இருந்து பார்த்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, என்ன நடக்கப் போகிறது, எப்படிப் பார்ப்பது என்று விளக்கிச் சிறு நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். பஞ்சாங்கக் கணக்கைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. நூற்றைம்பது வருஷம் கழித்து, சனி பெயர்ந்தாரா இல்லையா என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அவர் பெயர் தெரியாது.

வாக்கியக் கணிதத்தை இளக்காரமாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜான் வாரன் என்ற அதிகாரி சென்னையில் 1825இல் அச்சிட்ட காலசங்கலிதம் என்ற நூலில் ஒரு காட்சி வருகிறது. புதுச்சேரிக்காரரான ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, பலகை இல்லாமல், காகிதம் இல்லாமல், மனப்பாடமான வாக்கியங்களை மட்டும் வைத்து, அந்த ஆண்டு மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுகிறார். தொடக்கத்தில் நாலு நிமிஷம்தான் பிசகு. முடிவில் பிசகு ஐம்பது நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது, அதுவும் உண்மை. சந்திரனின் ஓட்டத்துக்கு மட்டும் 248 வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். ஓட்டோ நொய்கேபாவர் என்ற வரலாற்றாசிரியர் 1952இல் இதை எடுத்து ஆராய்ந்தபோது, பழைய பாபிலோன் கணக்கு முறையின் சாயல் தமிழ்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்ததைக் கண்டு வியந்தார். அந்தச் சோழிகளை எங்கே தொலைத்தோம்? நாங்கள் கேட்டதெல்லாம் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். கேட்டது கிடைத்தது: தினசரி காலண்டரில், தாளுக்குப் பின்னால் ராசிபலனோடு. கணிக்கத் தெரிந்தவரிடம் எப்படிக் கணிக்கிறீர்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கேட்க ஆள் இல்லாத வித்தையை அவர் பிள்ளை படிக்கவில்லை, பாங்க் வேலைக்குப் போனான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் ஊரில் விசைத்தறிகள் பாதி நாள் மௌனமாகக் கிடந்தன. ராத்திரியில் பாயைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மாடிக்குப் போனோம். அந்த இருட்டில் பால்வீதி தெரிந்தது. ஆவணியில் தெற்கே விருச்சிகத்தின் கொடுக்கு முழுசாகத் தெரிந்தது. நாங்கள் கொசுவைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் பேசினோம். இப்போது மின்சாரம் வந்துவிட்டது. நல்லதுதான், தறி ஓடினால்தான் சோறு. கூடவே ஹைமாஸ் விளக்கு, கடைவாசலில் கண்ணைக் குத்தும் வெள்ளை எல்இடி, கிரகப்பிரவேச வீட்டைச் சுற்றிச் சீரியல் பல்பு எல்லாம் வந்தன. தெருவுக்கு அடிக்க வேண்டிய வெளிச்சம் பாதி மேலே போகிறது. மேலே மூடி போட்ட விளக்கு வேண்டும் என்று நகராட்சியில் மனுக் கொடுக்க இன்றுவரை எங்களுக்குத் தோன்றவில்லை. கூடுதல் விளக்கு கேட்டுத்தான் மனுக்கள் போகின்றன.

பெருமை கொண்டாடுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. ஆதித்யா எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், எங்கள் தென்காசி மாவட்டம். 2023 செப்டம்பர் 2 அன்று விண்கலம் கிளம்பியபோது எங்கள் வீட்டுப் பெண் கிளம்பியது போலக் கைதட்டினோம். சூரியனைப் பார்க்கத்தான் அந்தக் கலம் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் போனது. அனுப்பி வைத்த மாவட்டத்தில் சூரியனை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் எக்ஸ்ரே பிலிம் வழியாக என்று இப்போதும் சொல்கிறோம். அது கண்ணைக் கெடுக்கும். கிரகணக் கண்ணாடி இல்லாவிட்டால் குண்டூசி ஓட்டை வழியே சுவரில் விழவைப்பதுதான் வழி.

இவ்வளவுக்கும் இந்த ஊரின் வானம் கொடுத்து வைத்த வானம். வடக்கே டெல்லிக்காரருக்கு அகத்திய மீன் தொடுவானத்தை ஒட்டி, புகையில் மங்கிக் கிடக்கும். லண்டன்காரருக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. எங்களுக்கு மாசி மாதம் ராத்திரி எட்டு மணிக்குத் தெற்கே இருபத்தெட்டு பாகை உயரத்தில், வானத்தின் இரண்டாவது பிரகாசமான மீனாக நிற்கும். பிறகு மெல்ல இறங்கிப் பொதிகை இருக்கும் பக்கமாகவே சாயும். அகத்தியர் பொதிகைக்குப் போகும் காட்சியை ஒவ்வொரு ராத்திரியும் இலவசமாகக் காட்டுகிறது வானம். மார்கழியில் பஜனை கோஷ்டியோடு அஞ்சு மணிக்குத் தெருவில் போகும்போது தெற்கே, கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி, தென்சிலுவை தெரியும். வடக்கே அதே நேரம் சப்தரிஷிகள். இரண்டையும் ஒரே தெருவில் நின்று பார்க்கும் வாய்ப்பு ஐரோப்பாவில் யாருக்கும் இல்லை. எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் மார்கழி விடியலில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் அடைந்ததையும் பாவைப் பாட்டில் வைத்தாள்; அதை வைத்து அவள் காலத்தையே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். நாங்கள் அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, மப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நடக்கிறோம்.

அடுத்த பெரிய தவணை 2031 மே 21. வளையச் சூரிய கிரகணம், கேரளத்தில் கொச்சி, கோட்டயம் பக்கம் ஏறி, தேனி, மதுரை வழியாக வேதாரண்யம் நோக்கிப் போகிறது. மதிய நேரம், கோடை விடுமுறை. எங்கள் ஊரில் சூரியனின் பெரும்பகுதி மறையும்; வளையம் சந்தேகமில்லாமல் முழுசாக வேண்டுமென்றால் ராஜபாளையம் தாண்டி மதுரைப் பஸ் ஏற வேண்டும். அன்று முகூர்த்த நாளா, கடை அடைப்பா, கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதையெல்லாம் ஒரு வாரம் முன்பே விசாரித்துவிடுவோம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்ணாடிக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். 2019இல் கடைசி நாளில் கேட்டபோது எங்கும் கிடைக்கவில்லை.